துரை, குழந்தை, ஒரு ஜானவாசம்

என் கல்யாணத்துக்கு ஜாதகம் பொருந்தியிருந்தது. கோத்திரம் இடிக்கவில்லை. பிள்ளைக்கு பாங்கில் வேலை, குடி கிடையாது, மூக்கு மட்டும் கொஞ்சம் நீளம். கார்கள்தான் பொருந்தவில்லை. அதனால் எல்லாமே நின்றுபோக இருந்தது.

அறுபதுகளின் நடுவில் மாட்டுங்காவில் கார் வைத்திருந்த தமிழர்கள் இரண்டு வகை. கம்பெனி கொடுத்து ஓட்டுகிறவர்கள் ஒரு வகை. வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போனதை வைத்துக்கொண்டு அவதிப்படுகிறவர்கள் இன்னொரு வகை. அப்பா இரண்டாவது. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் அவருக்கு மேலே இருந்த துரை, ஊரைப் பார்க்கக் கப்பல் ஏறும்போது, மிச்சமிருந்த விஸ்கியைப் பக்கத்து மேஜைக்காரருக்கும் காரை அப்பாவுக்கும் கொடுத்துவிட்டுப் போனார். பக்கத்து மேஜைக்காரர்தான் பிழைத்தார் என்பது அம்மாவின் கட்சி.

அந்தக் காருக்கும் துரை என்றே பெயர் வந்துவிட்டது. கறுப்பு நிறம், மடக்கி வைக்கிற கான்வாஸ் கூரை, இரண்டு பக்கமும் ஏறி நிற்கப் பலகை. எந்தக் கம்பெனி என்று சொல்லமாட்டேன். சொன்னால் இன்றைக்கும் யாராவது சண்டைக்கு வருவார்கள். அப்பா அதை அஃறிணையில் பேசி நான் கேட்டதில்லை. "துரைக்கு இன்னிக்கு மூச்சு வாங்கறது", "துரை கோபமா இருக்கார், ஹாண்டில் போடாதே" என்றுதான் சொல்வார். திரும்புவதற்கு அடையாளமாக, பக்கவாட்டிலிருந்து ஒரு சின்னக் கை நீளும் அந்தக் காலத்து வண்டி அது. இடது கை ஒரு முறை நீண்டது நீண்டபடி நின்றுவிட்டது. அதன் பிறகு துரை மாட்டுங்காவிலிருந்து சயான் வரை இடது பக்கம் திரும்புவதாகவே பயமுறுத்திக்கொண்டு நேராகப் போவார்.

செம்பூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தவர்களின் கார் வேறு ரகம். இத்தாலிக்கார வம்சம், ஆனால் பிறந்தது நம் பம்பாயில். சின்ன உடம்பு, வெளிர்ப்பச்சை, மூடின கூரை. பிள்ளையின் அப்பா, பிள்ளை மெட்ரிக் எழுதும்போது பெயர் பதிந்து, பிள்ளை வேலைக்குப் போன பிறகு கையில் வாங்கிய வண்டி. அவ்வளவு நாள் தவமிருந்து பெற்றதால் அவர் அதைக் குழந்தை என்றே கூப்பிட்டார். நான் பால்கனியிலிருந்து முதலில் பார்த்தது பிள்ளையின் முகத்தை அல்ல. காரிலிருந்து இறங்கிய ஒவ்வொருவரும் மடியில் வைத்திருந்த செருப்பை எடுத்துக் கீழே போட்டுக் காலில் மாட்டிக்கொண்டதைத்தான் பார்த்தேன். கோயிலிலிருந்து நேரே வருகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். குழந்தைக்குள் செருப்புக் காலோடு ஏறக்கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம் என்று பிறகுதான் தெரிந்தது.

சொஜ்ஜி பஜ்ஜி வந்தது. பாடச் சொன்னார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு பல்லவியை எடுத்தேன். இரண்டாவது சங்கதியில் பிள்ளையின் அப்பா கையை உயர்த்தினார்.

"ஒரு நிமிஷம். கீழே கறுப்பா ஒண்ணு நிக்கறதே, அது உங்க வண்டியா?"

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தைப் பார்த்தால் அவருக்குத்தான் வரன் வந்திருக்கிறது என்று தோன்றும். இருவரும் படியிறங்கிப் போனார்கள். அந்தப் பல்லவி இன்றுவரை அனுபல்லவியைப் பார்க்கவில்லை. பிள்ளையின் அம்மா என் அம்மாவோடு பேசிக்கொண்டே அடுக்களைக்குப் போனாள். கூடத்தில் நானும் பிள்ளையும் ஆறிப்போகிற பஜ்ஜியும் மிச்சம்.

"அவா இப்போதைக்கு வரமாட்டா," என்றார் அவர். "கார் பேச்சு ஆரம்பிச்சா எங்கப்பாவுக்குப் பசிக்கவே பசிக்காது."

"எங்கப்பாவுக்கும் அப்படித்தான்."

"அப்போ நீங்க என்ன பண்ணுவேள்?"

"மனசுக்குள்ள ஏதாவது பாட்டு முணுமுணுத்துண்டிருப்பேன். நீங்க?"

"நான் காதுலயே வாங்கிக்கமாட்டேன். வேற எதையாவது நினைச்சுண்டு உக்காந்திருப்பேன்." தட்டை என் பக்கம் நகர்த்தினார். "வாழைக்காய் பஜ்ஜி ஒண்ணுதான் இன்னும் சூடா இருக்கு. நீங்க எடுத்துக்கோங்கோ."

அதற்கு முன் என்னைப் பார்க்க வந்தவர்களில் ஒருவன் எனக்கு இங்கிலீஷ் டிக்டேஷன் கொடுத்தான். இன்னொருவன் பேசவே இல்லை, அவன் அத்தை பேசினாள். சூடான பஜ்ஜியை எடுத்துக்கொள் என்று எவனும் சொன்னதில்லை. எனக்கு அப்போதே அவரைப் பிடித்துவிட்டது. பண்ணினால் இவரைத்தான் பண்ணிக்கொள்வது என்று பஜ்ஜியை மெல்லும்போதே முடிவு செய்தேன்.

அப்பாக்கள் மேலே வந்தபோது முகம் இருவருக்குமே சிவந்திருந்தது. "பொண்ணு எங்களுக்குப் பிடிச்சிருக்கு," என்றார் பிள்ளையின் அப்பா. கொஞ்சம் நிறுத்தி, "வண்டிதான் வயசானது," என்றார். "வயசானவாளுக்கு மரியாதை உண்டு," என்றார் அப்பா. நிச்சயதார்த்தம் இப்படித்தான் ஆரம்பமானது.

அதற்கப்புறம் கல்யாணம் வரை ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டிலோ அவர்கள் வீட்டிலோ ஒப்பிடல்தான் நடந்தது. புடவை, நகை, சமையல்காரர் எல்லாவற்றையும் அம்மாக்கள் பார்த்துக்கொண்டார்கள். அப்பாக்கள் கார்பரேட்டரைப் பார்த்தார்கள்.

நியாயமாகச் சொன்னால் குழந்தை சாவியைத் திருப்பினவுடன் எழுந்துவிடும். துரையை எழுப்ப முன்னால் ஹாண்டில் போட்டுச் சுற்ற வேண்டும், கொஞ்சம் அசந்தால் அது திருப்பி அடிக்கும். அப்பாவின் வலது மணிக்கட்டில் எப்போதும் ஒரு கட்டு இருந்தது. பெட்ரோல் குடிப்பதில் குழந்தை பாலாடையில் குடிக்கும், துரை அண்டாவில் குடிப்பார். ஆனால் உடம்பு வலு என்று வந்தால் கதையே வேறு. தபேலா என்கிற மாட்டுக் கொட்டகையிலிருந்து வந்த எருமை ஒன்று துரையின் மேல் முதுகைச் சொறிந்துகொண்டு போனது, துரைக்கு ஒன்றும் ஆகவில்லை. எருமைக்குத்தான் பெயின்ட் ஒட்டிக்கொண்டது. குழந்தையின் மேல் ஒரு பால்காரனின் சைக்கிள் சாய்ந்து கதவில் ஒரு நெளிவு விழுந்தது. அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பு மூட்டவில்லை.

பராமரிப்பு என்று எடுத்துக்கொண்டால் இரண்டு பேரும் இரண்டு மதம். அப்பா சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவர். அதே கையோடு துரைக்கும் எண்ணெய் மாற்றுவார். துரையின் ரேடியேட்டர் ஒழுகும். அதற்கு அப்பா கண்ட மருந்து மஞ்சள்பொடி. இரண்டு கரண்டி மஞ்சள்பொடியை உள்ளே போட்டால் அது போய் ஓட்டையில் அடைத்துக்கொள்ளும், கொஞ்ச நாளைக்கு ஒழுகாது. எங்கள் வீட்டில் மஞ்சள்பொடி அரைத்தால் பாதி சாம்பாருக்கு, பாதி துரைக்கு. செம்பூர்க்காரருக்கு மருந்தில் நம்பிக்கை இல்லை, பத்தியத்தில்தான் நம்பிக்கை. வெயிலில் நிறுத்தமாட்டார், மேடு பள்ளத்தில் விடமாட்டார், மழையில் எடுக்கவே மாட்டார். மழைக்காலம் முழுக்கக் குழந்தை தார்ப்பாய்க்குள் தூங்கும். அவர் குடையைப் பிடித்துக்கொண்டு லோக்கல் ரயிலில் ஆபீஸ் போவார்.

இவ்வளவு பேசியும் ஒரு விஷயம் இருவருக்குமே தெரியாமல் இருந்தது. இரண்டு வண்டிக்கும் மெக்கானிக் ஒருவர்தான். தாராவியில் தோல் கிடங்குகளைத் தாண்டி ஒர்க்‌ஷாப் வைத்திருந்த திருநெல்வேலிப் பக்கத்து பாய். வாய்ச்சவடால்காரர். காரைத் தொடுவதற்கு முன்பே பாதி ரிப்பேரைப் பேசியே முடித்துவிடுவார். அப்பாவிடம் அவர் சொல்லிவந்தது இது:

"அந்தச் செம்பூர் பச்ச வண்டியா? அது பொம்ம வண்டில்லா சாமி. நம்ம துரை எலும்பு இரும்பு. டெல்லி வரைக்கும் போவாரு."

செம்பூர்க்காரரிடம் சொல்லிவந்தது: "மாட்டுங்காவுல ஒரு கறுப்பு வண்டி இருக்கு சாமி, அது பொணம். எவனோ எழுப்பி எழுப்பி நடக்க வைக்கான். ஒங்க குழந்த இஞ்சின் இருக்கே, தையல் மிசினு கணக்கா ஓடுது."

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவருடைய ஒர்க்‌ஷாப்பில் போய் நின்றார்கள். பாய் அசரவில்லை. "ரெண்டுமே என் புள்ளைய சாமி. எந்தப் புள்ளைய கொறச்சுச் சொல்லச் சொல்லுதீய? பெத்த வயிறு கேக்குமா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கையிலிருந்த கிரீஸ் முகமெல்லாம் ஆனது. அப்பாக்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

சண்டை உண்மையாகவே வெடித்தது ஜானவாசப் பேச்சு வந்தபோது. முகூர்த்தத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளைக்கு சூட்டும் கோட்டும் மாட்டி, திறந்த காரில் உட்கார்த்தி, நாதஸ்வரம் முன்னால் போக, கோயிலிலிருந்து கல்யாண ஹாலுக்கு ஊர்வலமாக அழைத்து வருவது எங்கள் வழக்கம். மாப்பிள்ளையை ஊர் பார்க்க வேண்டும், அதுதான் விஷயம். கார் பெண் வீட்டாருடைய பொறுப்பு.

"கவலையே இல்லை," என்றார் அப்பா. "துரை இருக்கார். கூரையை மடக்கினா ரதம்."

"என் பிள்ளை நடுரோட்டுல நின்ன ரதத்துல உக்காரமாட்டான். குழந்தையில வரட்டும்."

"மூடின வண்டிக்குள்ள மாப்பிள்ளையை எப்படிப் பாக்கறது? ஜன்னல் வழியாவா?"

"தலையை வெளியில நீட்டிண்டு வருவான்."

"வரட்டுமே. தகர டப்பாவுக்குள்ளேருந்து தலை நீட்டினா பொருத்தமாத்தான் இருக்கும்."

செம்பூர்க்காரர் எழுந்து மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "குழந்தையைத் தகரம்னு சொன்ன ஆத்துலேருந்து எங்களுக்குப் பொண்ணு வேண்டாம்."

சும்மா மிரட்டுகிறார் என்று நினைக்க முடியாது. இதற்கு முன் வந்த ஒரு நல்ல சம்பந்தத்தை, பெண்ணின் தாய்மாமன் குழந்தையின் பானட் மேல் வெற்றிலைச் செல்லத்தை வைத்தார் என்பதற்காக முறித்துக்கொண்டு வந்தவர் அவர். நான் கதவுக்குப் பின்னால் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஒரு தகர டப்பாவுக்கும் ஒரு பிணத்துக்கும் நடுவில் என் வாழ்க்கை மாட்டிக்கொண்டிருக்கிறதே என்று அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. மாப்பிள்ளைதான் அப்போது வாயைத் திறந்தார். "கண்டாலா வரைக்கும் ரெண்டு வண்டியையும் ஓட்டிப் பாத்துடுங்கோளேன். முதல்ல மலை ஏறற வண்டியில நான் வரேன்."

இரண்டு அப்பாக்களுக்கும் அது பரம நியாயமாகப் பட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சயானிலிருந்து கிளம்பினோம். துரையில் அப்பா, அம்மா, நான், புளியோதரை, தயிர்சாதம், ஒரு பெரிய கல். கல் அம்மாவின் இலாகா. ஏற்றத்தில் துரை நின்றால், அவர் பின்னால் உருண்டு போவதற்குள் அம்மா கீழே குதித்துச் சக்கரத்துக்கு அடியில் கல்லை வைக்க வேண்டும். குழந்தையில் அவர்கள் மூவரும் மடியில் செருப்போடு. முலுண்ட் வருவதற்குள் குழந்தை கண்ணுக்கே தெரியாமல் போய்விட்டது. நாங்கள் முலுண்டில் தண்ணீர் ஊற்றினோம், பன்வேலில் தண்ணீர் ஊற்றினோம். "தோத்தாச்சு," என்றாள் அம்மா. "இன்னும் மலையே வரலியே," என்றார் அப்பா.

மலைக்கு அடிவாரம் கோப்போலி. அங்கே போனபோது பொடித் தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஒரு மரத்தடியில் தார்ப்பாய் போர்த்திய பச்சை நிற வண்டி. அதன் பானட்டுக்கு மேலே குடையைப் பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடி, மாப்பிள்ளையின் அப்பா. மற்ற இருவரும் எதிரே டீக்கடைக் கூரையின் கீழே ஒண்டியிருந்தார்கள்.

"மழை நிக்கட்டும்னு பாக்கறேன்!" என்று கத்தினார் அவர்.

அப்பா ரப்பர் பந்து ஹாரனை இரண்டு அமுக்கு அமுக்கிவிட்டு நிற்காமல் போனார். டீக்கடையிலிருந்து மாப்பிள்ளை எனக்குக் கை காட்டினார். நான் அம்மாவுக்குத் தெரியாமல் காட்டினேன். மலையில் துரை நின்று நின்று ஏறினார். அம்மா ஒன்பது கஜத்தை வரிந்து கட்டிக்கொண்டு கல்லோடு குதித்துக் குதித்து ஏறினாள். கண்டாலாவை முதலில் அடைந்தது துரையா அம்மாவா என்பது இன்றும் விவாதத்துக்குரியது.

திரும்பி வந்தபோது செம்பூர்க்காரர் தோல்வியை ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். "உங்க துரையிலேயே வரட்டும். குழந்தையை நான் கல்யாண ஹால் வாசல்ல, செம்பூரைப் பாத்து நிறுத்தி வெச்சிருப்பேன். ஊர்வலம் ஹாலுக்கு வர்றதுக்குள்ள துரை நின்னார்னா, என் பிள்ளை அங்கேயே இறங்கி குழந்தையில ஏறுவான். ஏறினா ஆத்துக்குத்தான். முகூர்த்தம் கிடையாது."

"நிக்கமாட்டார்," என்றார் அப்பா. மகள் கல்யாணத்தைப் பந்தயம் வைத்துவிட்டோம் என்று அவருக்கு உறைக்கவே இல்லை. உறைத்தது எனக்கு ஒருத்திக்குத்தான்.

அதன்பின் பாய் துரையை அக்கக்காகப் பிரித்துப் பூட்டினார். பிரேக் பார்த்தார், டயர் மாற்றினார், வேகமாக ஓட்டிக் காட்டினார். அம்மா ஒரு டப்பா மஞ்சள்பொடியைத் தாரை வார்த்தாள். எல்லோரும் துரையை ஓட வைப்பதற்கே பாடுபட்டார்கள். ஜானவாசத்தில் கார் ஓடப்போவதில்லை, நாதஸ்வரக்காரருக்குப் பின்னால் நத்தை வேகத்தில் ஊர்ந்து வரப்போகிறது என்பதை யாரும் யோசிக்கவில்லை. கண்டாலா வரை போய்ப் பரீட்சை வைத்தவர்களுக்கு, கோயிலிலிருந்து ஹாலுக்கு வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

போதாததற்குப் பூக்காரர்கள். மாட்டுங்காப் பூக்காரர்கள் காரை அலங்கரித்தால் கார் தெரியக்கூடாது. துரையின் முகத்தை, ரேடியேட்டரை மூடி, சாமந்தியும் மல்லியுமாக ஒரு தலையணை கனத்துக்குக் கட்டிவிட்டார்கள். காற்றுப் போக ஊசிமுனை இடமில்லை.

நான் ஹாலின் மாடி ஜன்னலில் அம்மாவோடு நின்றேன். கீழே வாசலில் குழந்தை, சொன்னபடியே செம்பூரைப் பார்த்து மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. மத்தியானமே மாப்பிள்ளை அதை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்திச் சாவியைத் தன் அப்பாவிடம் கொடுத்துவிட்டுத்தான் கோயிலுக்குப் போனாராம். ஊர்வலம் முனை திரும்பியது. அப்பா ஸ்டியரிங்கில், பாய் பக்கத்துப் பலகையில் தொற்றிக்கொண்டு, பின் சீட்டில் சூட்டும் மாலையுமாக அவர். மாமனாராக வரவேண்டியவர் ரேடியேட்டருக்குப் பக்கத்திலேயே, அதை முறைத்துக்கொண்டு நடந்து வந்தார்.

முனையில் நாதஸ்வரக்காரர் நின்று தோடியை எடுத்தார். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ரயிலில் வரவழைத்த வித்வான். தோடி சுருக்கமாக முடிகிற ராகம் அல்ல. இருந்தாலும் வேறு ஊராக இருந்தால் கொஞ்சம் வாசித்துவிட்டு நகர்ந்திருப்பார். இது மாட்டுங்கா. ஒவ்வொரு பால்கனியிலும் ஒரு விமர்சகர். "பேஷ்!" என்று மேலேயிருந்து ஒரு குரல் வந்தது. "கீழ் ஸ்தாயியைத் தொடவே இல்லியே!" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு குரல். வித்வானுக்கு ரோஷம் வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு கீழ் ஸ்தாயிக்கு இறங்கினார். அப்பாவால் என்ஜினை அணைக்க முடியாது, அணைத்தால் நின்றதாகக் கணக்கு. ஓடவிட்டுக்கொண்டே நின்றார். வித்வானை நகரச் சொல்லியிருக்கலாம். ஆனால் அப்பாவும் மாட்டுங்காக்காரர்தானே? ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு தலையை ஆட்டி, "ஆஹா, இன்னொரு தரம்!" என்றார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, காரைப் பாருங்கோ!" என்று கத்தினேன். தவில் அப்போதுதான் சேர்ந்துகொண்டது.

சாமந்திக்கு நடுவிலிருந்து முதலில் ஒரு நூல் புகை வந்தது. பிறகு மல்லிகை வெந்தது. பிறகு தெரு முழுக்கக் கொதிக்கிற மஞ்சள் வாசனை. ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றிருந்த என் அத்தை மூக்கை உறிஞ்சி, "மஞ்சள் மணக்கறதே, சுபசகுனம்!" என்றாள். துரை ஹாலை நோக்கி இன்னும் கொஞ்சம் ஊர்ந்தார். வாசல் கண்ணுக்கு எதிரே தெரிகிற இடத்தில் பலமாக ஒரு தும்மல் போட்டு நின்றுபோனார்.

நாதஸ்வரம் பாதியில் நின்றது. அந்த நிசப்தத்தில் மாப்பிள்ளையின் அப்பா குரல் மாடி வரை கேட்டது.

"இறங்குடா."

அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். மாட்டேன் என்று சொல்லுவார், சொல்லவேண்டும் என்று அவர் முகத்தையே பார்த்தேன். அவர் நிதானமாக மாலையைச் சரிசெய்துகொண்டார்.

"சரிப்பா. சொன்னா சொன்னதுதான். குழந்தையைக் கொண்டுவந்து பக்கத்துல நிறுத்துங்கோ, ஏறிக்கறேன். நடுரோட்டுல நான் எதுக்கு நிக்கணும்?"

அவ்வளவுதான். சூடான பஜ்ஜி எல்லாம் வேஷம், இவரும் அப்பா பிள்ளைதான் என்று நினைத்தேன். கையிலிருந்த கண்ணாடி வளையல் ஒன்று கம்பியில் பட்டு உடைந்தது. அது எப்போது உடைந்தது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

மாமனார் விறுவிறுவென்று குழந்தையிடம் வந்தார். அந்தக் கோபத்திலும் செருப்பைக் கழற்றினார். உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். குழந்தை இருமியது. மறுபடி திருப்பினார். மறுபடி இருமியது. இருமல் வர வரத் தேய்ந்து, கடைசியில் முனகலானது. பிறந்த நாளிலிருந்து ஒரு முறைகூட மறுக்காத குழந்தை, ஊரே பார்க்க, எழமாட்டேன் என்றது.

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், முடியவில்லை. அப்பா துரையை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். "சோக்கை இழுக்காதீங்கோ, பெட்ரோல் மூழ்கிடும்," என்று சொல்லிக்கொண்டே பட்டு வேஷ்டியோடு பானட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டார். மாமனாரும் இறங்கி வந்து பக்கத்திலேயே தலையை விட்டார். நடுவில் பாய் புகுந்தார். ஏதோ ஒரு மூடியைக் கழற்றிப் பார்த்தார். தலையை நிமிர்த்தி, பூவுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்தார். மறுபடி மூடியை மூடினார்.

"ஈரம் புடிச்சிருக்கு சாமி. இன்னைக்கு எந்திரிக்காது."

"ஈரமா? இன்னிக்கு மழையே இல்லியே!"

"கோப்போலில நனஞ்சதுல்லா, அந்த ஈரம் உள்ளயே நின்னு போச்சு."

"குடை பிடிச்சேனே பாய்," என்றார் மாமனார். குரல் உடைந்துவிட்டது. "நான் நனைஞ்சுண்டு அதுக்குக் குடை பிடிச்சேனே."

அப்பா குத்திக் காட்டுவார் என்று பயந்தேன். அவர் மாமனாரின் தோளில் கை வைத்தார். "விடுங்கோ சம்பந்தி. துரைக்கும்தான் முடியலை. கல்யாணம் முடியட்டும், ரெண்டையும் சேர்த்து பாய்கிட்ட விட்டுக் காட்டுவோம்." சம்பந்தி என்ற வார்த்தையை மாமனார் மறுக்கவில்லை. கொஞ்ச நேரம் குழந்தையைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு துரையின் பின்பக்கம் போனார். அப்பாவும் அவரும் பாயும் சேர்ந்து, மாப்பிள்ளையோடு துரையைத் தள்ளி வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். வித்வான் விட்ட இடத்திலிருந்து தோடியைத் தொடர்ந்தார். அத்தை ஆரத்தியைக் கொட்டினாள். தரையில் ஓடிய மஞ்சளில் அத்தையுடையது எது, துரையுடையது எது என்று யாராலும் பிரிக்க முடியவில்லை.

மறுநாள் முகூர்த்தம் நடந்தது. மத்தியானம் நலங்கு. பாயில் எதிரெதிரே உட்கார்ந்து தேங்காய் உருட்டினோம், ஒருவர் தலையைச் சுற்றி ஒருவர் அப்பளம் உடைத்தோம். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அப்பளத்தைக் கொஞ்சம் பலமாகவே உடைத்தேன். வெற்றிலை கொடுக்கிற கட்டம் வந்தபோது, மடித்த வெற்றிலைக்குள் கனமாக ஏதோ இருந்தது. பிரித்துப் பார்த்தேன். பாக்கு நிறத்தில், சுண்டுவிரல் நீளத்தில், பித்தளை நாக்கோடு ஒரு சின்னத் துண்டு.

"இது என்ன?"

"ரோட்டர்," என்றார் குனிந்தபடியே, பெண்கள் பாடுகிற சத்தத்துக்கு அடியில். "என்ஜினுக்குள்ள சுத்தறது. இது இல்லேன்னா குழந்தை எழுந்திருக்காது. நேத்து மத்தியானம் வண்டியை நிறுத்தும்போதே கழட்டி கோட்டுப் பையில போட்டுண்டேன்."

ஊர்வலம் முழுக்க அந்தக் கோட்டோடுதான் பூவுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"கார் பேச்சைக் காதுலயே வாங்கிக்கமாட்டேன்னேளே?"

"எங்கப்பா ஆத்துல இருந்துண்டு எப்படி வாங்கிக்காம இருக்கறது? நேத்து நீங்க என்ன பாட்டு முணுமுணுத்தேள்?"

"ஒரு பாட்டும் வரலை," என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. நலங்கில் பெண் அழுகிறாளே என்று அத்தை பதறினாள். அப்பளம் கண்ணில் விழுந்துவிட்டது என்று அவர் சொன்னார்.

"இதை அப்பாகிட்டத் திருப்பித் தரவேண்டாமா?" என்று கேட்டேன்.

"அது உங்ககிட்டயே இருக்கட்டும். செம்பூருக்கு எப்போ கிளம்பணும்னு நீங்களே சொல்லுங்கோ. அதுவரைக்கும் வண்டி எழும்பாது."

முந்தானையில் முடிந்துகொண்டேன். சாயங்காலம் வரை அம்மாவோடு உட்கார்ந்திருந்தேன். அப்பா துரைக்குப் பக்கத்தில் நின்று, வாடிய சாமந்தியை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவரோடும் கொஞ்ச நேரம் நின்றேன். அவர் ஹாண்டிலை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டே இருந்தார். பிறகு நானே போய் முடிச்சை அவிழ்த்து பாயின் கையில் அதைக் கொடுத்தேன். பாய் அதைப் பொருத்திவிட்டு, "ஈரம் காஞ்சிருச்சு சாமி!" என்று குரல் கொடுத்தார்.

மாமனார் சாவியைத் திருப்பினார். குழந்தை ஒரே திருப்பில் எழுந்தது. "பாத்தேளா!" என்று அவர் தெருவுக்கே கேட்கும்படி கூவினார். "நாட்டுப்பொண்ணு வந்த ராசி!"

நான் செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.